வெட்டியாக உட்கார்ந்திருந்த சாயங்காலங்கள்: வாசகர் கேள்வி பதில்

சின்னச் சின்ன சந்தோஷங்கள், நண்பர்கள், ஏன் மனதில் தங்கின என்றே தெரியாத ஞாபகங்கள் பற்றி எழுதுங்கள் என்று இளைய வாசகர்களிடம் போன இதழில் கேட்டிருந்தோம். கடிதம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் குரல்பதிவு என்று வந்து குவிந்துவிட்டன. எல்லாவற்றையும் படித்தேன், கேட்டேன். ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு வந்த சிலவற்றை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

அக்கா, பொறியியல் முடித்து இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறேன். நாலு வருஷத்தில் டூர் போனோம், கல்ச்சுரல்ஸில் பரிசு வாங்கினோம். ஆனால் நினைத்தால் வருவதெல்லாம் ஹாஸ்டலில் கரண்ட் போன ராத்திரிகளில் மொட்டை மாடியில் சும்மா உட்கார்ந்திருந்ததுதான். அங்கே ஒன்றுமே நடக்கவில்லையே, அது ஏன் இப்படி நிற்கிறது?
– பொறியியல் பட்டதாரி, கோவில்பட்டி

ஒன்றுமே நடக்கவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? கரண்ட் போனதும் எல்லா மாடியிலிருந்தும் ஒரே நேரத்தில் 'ஓ' என்று ஒரு சத்தம் கிளம்பும். யாரோ பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு படியேறுவான். தண்ணீர்த் தொட்டி பக்கம் தரையில் பகல் சூடு இன்னும் இருக்கும், ஒருவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்வான், அரியரில் ஆரம்பித்த பேச்சு எங்கெங்கோ போய் அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய கடனில், அப்பாவின் இருமலில், அதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு பயத்தில் வந்து நிற்கும். எதிரில் இருப்பவன் முகம் தெரியாதபோதுதான் சில விஷயங்கள் வாயிலிருந்து வெளியே வருகின்றன. கரண்ட் வந்ததும் எல்லோரும் கத்திக்கொண்டே கீழே இறங்கிவிடுவீர்கள். மறுநாள் அதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டீர்கள், ஆனால் சொன்னவனும் கேட்டவனும் பழைய ஆட்களாக இருக்கமாட்டார்கள்.

அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். புதிதாக ஊர் மாறி வந்தவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்துச் செய்தது. அறிமுகம் என்ற நிலையிலிருந்து சும்மா நண்பர் ஆவதற்குச் சுமார் 50 மணி நேரம், நல்ல நண்பர் ஆவதற்கு 90, உயிர் நண்பர் ஆவதற்கு 200 மணி நேரத்துக்கும் மேல் என்று அவர் கணக்கு வந்தது. எனக்கு முக்கியமாகப் பட்டது இதற்கு அடுத்த விஷயம். வகுப்பிலும் வேலையிலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம் இந்தக் கணக்கில் அவ்வளவாகச் சேரவில்லை. சேர்ந்ததெல்லாம் அரட்டை, விளையாட்டு, சேர்ந்து ஊர் சுற்றுவது. அதாவது, வீட்டில் 'வெட்டி' என்று திட்டு வாங்கும் நேரம். தினம் ஒரு மணி நேரம் மாடியில் உட்கார்ந்தாலே 200 மணி ஏழு மாதத்துக்குள் வந்துவிடும். உங்களுக்கு நாலு வருஷம் கிடைத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் ஞாபகம் இருப்பதையெல்லாம் சொல்லச் சொன்னால், 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவைதான் மற்ற வயதை எல்லாம் தள்ளிக்கொண்டு முன்னால் வரும் என்று உளவியல்காரர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் அந்தக் காலத்தின் நடுவில் நிற்கிறீர்கள். அந்த மாடி இன்னும் நாற்பது வருஷம் உங்களோடு வரும், தயாராக இருங்கள்.

என் மகன் கல்லூரி இரண்டாம் ஆண்டு. தினமும் சாயங்காலம் டீக்கடை வாசலில் நாலு பையன்களோடு நிற்கிறான். ஒரு டீயை வாங்கி ஒரு மணி நேரம். கேட்டால் 'சும்மாதான்ப்பா' என்கிறான். இளைஞர்களுக்கான பகுதியில் என் கேள்விக்கும் இடம் கொடுங்கள்.
– ஒரு தந்தை, ஈரோடு

தாராளமாக. ஐயா, மேலே இருக்கும் பதிலை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

படித்துவிட்டீர்களா? சரி. அந்த நாலு பையன்கள் யார், என்ன பெயர், யார் வீடு எங்கே என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் கவலைப்பட வேண்டியது அதற்குத்தான், ஒரு மணி நேரத்துக்கு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். உங்கள் மனைவி குழம்பு வைக்கட்டும், நீங்கள் இலை போடுங்கள், படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள். பையன்கள் சோற்றைப் பிசையும்போது ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள், யார் யாருக்கு அப்பளம் தள்ளுகிறார்கள் என்று பார்த்தாலே உங்கள் மகன் யாரோடு நிற்கிறான் என்பது தெரிந்துவிடும். சிகரெட், அடிதடி என்று ஏதாவது இருந்தால் அது வேறு பேச்சு, அதை நேராகக் கேளுங்கள். வெறுமனே நிற்கிறான் என்பது குற்றம் ஆகாது. நாளைக்கு உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போய் ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டுமென்றால், போன் போட்ட பத்தாவது நிமிஷம் பைக்கில் வந்து நிற்பது அந்த டீக்கடைக் கூட்டம்தான்.

பையன்களுக்கு டீக்கடை இருக்கிறது, பாலத்துக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது, கிரவுண்டு இருக்கிறது. நாங்கள் மூன்று பேர் எங்கேயாவது பத்து நிமிஷம் நின்றால் 'இங்க என்னம்மா வேலை' என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு எங்கே இடம், அக்கா?
– எம்.எஸ்சி. மாணவி, தஞ்சாவூர்

வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது உங்களுடையதுதான். உயிர் நண்பர்கள் ஆவதற்கு 200 மணி நேரம் சும்மா இருக்க வேண்டும் என்று மேலே எழுதிவிட்டேன். பெண் பிள்ளைகளுக்குச் சும்மா இருக்க இந்த ஊர் இடமே விடுவதில்லை. கையில் பை இருக்க வேண்டும், எங்கேயாவது போய்க்கொண்டிருக்க வேண்டும், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். இது அநியாயம் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

ஆனாலும் பெண்கள் எப்போதும் எங்கேயோ ஓர் இடத்தைப் பிடித்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கும். உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜராஜன் 1010இல் முடித்துவைத்த பெரிய கோயில், சாமி கும்பிட வந்தேன் என்று சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்க முடியாது. வெயில் இறங்கினதும் பிரகாரத்துப் பக்கம் கல் கொஞ்சம் ஆறும், கால் நீட்டி உட்கார்ந்து இருட்டும்வரை பேசலாம். மதுரைப் பெண்களுக்குப் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டு இருக்கிறது.

அப்புறம் டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகிற பெண்களுக்கு இதனால் மாதம் எவ்வளவு மிச்சம் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள், அது நியாயமான பேச்சு. ஆனால் கல்லூரிப் பெண்களுக்கு இதில் இன்னொன்றும் கிடைத்தது. தோழி இறங்கும் ஸ்டாப் வரைக்கும் கூடவே போய், அங்கிருந்து திரும்பி வீட்டுக்கு வரலாம், காசு கேட்க வேண்டியதில்லை. கடைசிக்கு முந்தின சீட்டில் மூன்று பேர் இடித்துக்கொண்டு, ஒரு இயர்போனை இரண்டு காதுக்குப் பிரித்து, மூன்றாமவள் மடியில் மூன்று பையும், மதியம் மிச்சம் வைத்த எலுமிச்சைச் சாதத்தை டிபன் மூடியில் வைத்துக்கொண்டு ஒரு ஸ்பூனில் மாற்றி மாற்றிச் சாப்பிட்டபடி போகும் பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்களைப் பார்த்த நாள் எனக்கு நல்ல நாள்.

இதைப் படிக்கும் அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். மகளின் தோழிகள் வந்தால் மொட்டை மாடியை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். நடுவில் மூன்று தடவை மேலே போய் 'என்னடி பேசிக்கிட்டிருக்கீங்க' என்று கேட்காதீர்கள். ஒரு தட்டில் முறுக்கு, ஒரு செம்பில் தண்ணீர், அது போதும்.

காலேஜ் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு நியாயமாக யாருக்கு?
– பி.காம். மாணவர், விழுப்புரம்

வாந்தி வருகிறவருக்கு. அப்படி யாரும் இல்லையென்றால், அன்றைக்கு மனசு சரியில்லாதவருக்கு.

பிளஸ் டூ படிக்கிறேன். ஆறாம் வகுப்பில் என் தோழி கொடுத்த மயிலிறகு இன்னும் என் கணக்கு நோட்டில் இருக்கிறது. அவள் வேறு ஊர் போய்விட்டாள். குட்டி போடாது என்று எனக்கு இப்போது தெரியும். ஆனால் என் அம்மா காலத்திலும் இதையே நம்பியிருக்கிறார்கள். எப்படி எல்லா ஊரிலும் ஒரே கதை?
– மாணவி, தென்காசி

எங்கள் பள்ளியிலும் இதே கதைதான். நோட்டுக்குள் வைத்து மூடிவிட வேண்டும், வானத்தைக் காட்டக் கூடாது, சாப்பாட்டுக்குப் பென்சில் சீவலோ அரிசியோ போட வேண்டும். காட்டிவிட்டால் குட்டி போடாது, எல்லாம் போச்சு.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். மயிலிறகின் நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் இழை இழையாகப் பிரியும் இல்லையா, புத்தகத்தைத் திறந்து மூடித் திறந்து மூடி எடுக்கும்போது அதில் ஒன்றிரண்டு கழன்று வேறு பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்துப் பார்க்கிற குழந்தைக்கு அது என்ன? குட்டிதான். கண்ணால் பார்த்த சாட்சி ஒன்று வகுப்பில் இருந்தால் போதும், கதை தானாகப் பரவிவிடும். பரவுவதற்கு இன்னொரு வழியும் இருந்தது. ஒரு முழு இறகை யாரும் முழுசாகக் கொடுக்கமாட்டார்கள், ரொம்ப வேண்டியவளுக்கு மட்டும் ஓர் இழை பிய்த்துக் கொடுப்பார்கள், அதோடு சேர்த்து வளர்க்கும் முறையையும் சொல்லித்தான் கொடுப்பார்கள். உங்களுக்கு முழு இறகே கிடைத்திருக்கிறது என்றால் அந்தத் தோழிக்கு நீங்கள் எவ்வளவு வேண்டியவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டை எடுத்து வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். நீலம் பச்சையாகும், பச்சை வெண்கல நிறமாகும். அது சாயம் இல்லை. இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் என்ற கருநிறப் பொருள் மிக நுணுக்கமான ஒழுங்கில் அடுக்கி இருக்கிறது, அந்த அடுக்கில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தில்தான் நிறம் பிறக்கிறது. இறகைப் பொடியாக்கினால் பழுப்புத்தான் மிஞ்சும். சாயமாக இருந்தால் வருஷக்கணக்கில் நோட்டுக்குள் கிடந்து வெளுத்திருக்கலாம், இது அப்படிச் சீக்கிரம் போகாது. மயில் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் வருஷத்துக்கு ஒருமுறை தோகையைத் தானே உதிர்த்துவிடும், விராலிமலைப் பக்கம் போனால் கீழே கிடப்பதைப் பார்க்கலாம். மயிலை யாரும் துன்புறுத்தாமல் கிடைக்கும் பரிசு என்பதால் எனக்கு அது இன்னும் பிடிக்கும்.

தோழியின் ஊர் தெரியும் என்றால், ஓர் இழையைப் பிய்த்து உறையில் போட்டு அனுப்புங்கள். 'குட்டி போட்டுவிட்டது' என்று ஒரு வரி போதும்.

பள்ளி நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்தும் ஃபார்வேர்டும் மட்டும்தான் மிச்சம். 'எப்படிடா இருக்க' என்று போட்டால் கட்டைவிரல் ஒன்று வருகிறது. எங்கள் நட்பு முடிந்துவிட்டதா?
– தனியார் நிறுவன ஊழியர், பெரம்பூர், சென்னை

முடியவில்லை. நீங்கள் தப்பான மருந்து கொடுக்கிறீர்கள்.

ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஒரு மனிதரால் சுமார் 150 பேரோடுதான் உறவு வைத்துக்கொள்ள முடியும் என்றவர். அதற்குள்ளேயும் வட்டங்கள் போட்டார். நெஞ்சுக்கு நெருங்கியவர் 5, அடுத்து 15, அடுத்து 50. உங்கள் குரூப்பில் நாற்பது பேர் இருந்தால், நாற்பது பேரும் அந்த முதல் வட்டத்தில் இருக்க வழியில்லை, அதற்காக வருத்தப்படாதீர்கள். அவரும் சாம் ராபர்ட்ஸ் என்பவரும் சேர்ந்து, பள்ளி முடித்துப் பிரிந்துபோன மாணவர்களை 18 மாதம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெண்களின் நட்பு தாக்குப்பிடித்தது பேச்சால். ஆண்களுக்குப் பேச்சு பெரிதாக உதவவில்லை, சேர்ந்து ஏதாவது செய்தவர்களின் நட்புதான் நின்றது. எல்லா ஆணும் அப்படி, எல்லாப் பெண்ணும் இப்படி என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் உங்கள் குரூப்புக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அதனால் 'எப்படிடா இருக்க' வேண்டாம். குரூப்பிலும் போடாதீர்கள், அதில் எல்லோருக்கும் என்றால் யாருக்கும் இல்லை. அந்த நாற்பதில் பள்ளியில் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேரை மட்டும் தனித்தனியாகப் போனில் கூப்பிட்டு, 'ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு மெரினாவுக்கு வா, பேட் நான் எடுத்துட்டு வர்றேன், பந்து நீ வாங்கு' என்று சொல்லுங்கள். பந்து நீ வாங்கு என்பதை விட்டுவிடாதீர்கள். ஒரு பொறுப்பைக் கொடுத்தால்தான் ஆள் வருவான். இரண்டு பேர் வந்தாலும் ஆரம்பித்துவிடுங்கள், நடுவில் நிறுத்தாமல் அடுத்த ஞாயிறும் போங்கள்.

மழை ஆரம்பிக்கும்போது வரும் மண்வாசனையில் எனக்கு மூன்றாம் வகுப்புப் படித்த பள்ளிக்கூடத்துத் தாழ்வாரமும், என் பக்கத்தில் நின்ற தோழியின் ஈர ரிப்பனும் அப்படியே வந்து நிற்கிறது. போட்டோவைப் பார்த்தால்கூட இப்படி வருவதில்லை.
– நர்சிங் மாணவி, நாகர்கோவில்

நீங்கள் உடற்கூறு படித்திருப்பீர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன். பார்ப்பதும் கேட்பதும் முதலில் மூளையின் நடுவில் இருக்கும் தலாமஸ் என்ற பகுதி வழியாகப் போய்த்தான் மூளையின் மற்ற பகுதிகளுக்குப் பிரியும். வாசனைக்கு அந்தச் சுற்றுவழி கிடையாது. முகர்வுக் குமிழிலிருந்து உணர்ச்சிக்கான அமிக்டலாவுக்கும், ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸின் வாசலுக்கும் மிகக் குறுகிய வழியில் போய்விடுகிறது. அதனால்தான் பெயர் ஞாபகம் வருவதற்கு முன்னால் உணர்ச்சி வந்துவிடுகிறது.

மண்வாசனையில் பெரும்பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு, அதைச் செய்வது ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண் பாக்டீரியாக்கள். காய்ந்த மண்ணிலிருந்து மழை கிளப்பும் வாசனையை 1964இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இசபெல் பியர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் முறையாக ஆராய்ந்து எழுதினார்கள். அதற்கு ரொம்பக் காலம் முன்பிருந்தே உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜில் சுட்ட மண்ணிலிருந்து இதே வாசனையை அத்தராக வடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அதிவேகக் கேமரா வைத்துப் பார்த்தபோது, துளி மண்ணில் விழுந்ததும் அடியில் சின்னக் காற்றுக்குமிழிகள் சிக்கி, மேலேறி, சோடா பொங்குவதுபோல வெடித்து, மண்ணில் இருப்பதைக் காற்றில் தெறிக்கவிடுவது தெரிந்தது. கொட்டுகிற மழையைவிடத் தூறலிலும் மிதமான மழையிலும் இது அதிகம். உங்கள் தாழ்வார ஞாபகமும் மழை ஆரம்பிக்கும் நேரத்தில்தான் வருகிறது, கவனித்தீர்களா?

அப்பா தோளில் உட்கார்ந்து ஊர்த் தேரைப் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 'அது உங்கண்ணன்டா, நீ அப்போ பிறக்கவே இல்ல' என்கிறார் அம்மா.
– பி.சி.ஏ. மாணவர், சேலம்

அம்மா சொல்வது சரியாகத்தான் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு முதல் ஞாபகமே மூன்று, மூன்றரை வயதிலிருந்துதான். வீட்டில் நூறு தடவை கேட்ட கதையும் ஆல்பத்தில் பார்த்த படமும் சேர்ந்து சொந்த ஞாபகமாக உட்கார்ந்துவிடும். எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் செய்த ஆய்வில், சின்ன வயதில் கடைவீதியில் தொலைந்துபோனாய் என்று நடக்காத ஒன்றைச் சொல்லிவைத்தபோது, நாலில் ஒருவர் அதை ஓரளவாவது 'ஞாபகப்படுத்தி'விட்டார். நீங்கள் அந்தத் தேரை விட்டுக்கொடுக்க வேண்டாம். அண்ணனிடம் அவருக்கு என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள், இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் பேச அது போதும்.

கையில் காசில்லாமல் நண்பர்களோடு ஒரு ராத்திரியைக் கழிக்க வழி சொல்லுங்கள்.
– கல்லூரி மாணவர், போளூர்

ஜவ்வாது மலையடிவாரத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! மலைக்கு மேலே காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி வைத்தது அந்த இருட்டை நம்பித்தான்.

டிசம்பர் 13, 14 தேதி ராத்திரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேத்தான் என்ற சிறுகோள் விட்டுப்போன தூசிக்குள் பூமி நுழையும் நாள், எரிநட்சத்திரங்கள் விழும். அமாவாசைக்குப் பக்கத்தில் வந்தால் நல்லது, காலண்டரைப் பாருங்கள். ஊர் விளக்கு படாத மாடியோ களமோ, ஒரு தார்ப்பாய், போர்வை, பிளாஸ்கில் சுக்குக் காப்பி. பத்து மணிக்கு மேல் படுங்கள். செல்போனை எடுக்கக் கூடாது, கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது ஆகும், ஒருத்தன் போனைத் திறந்தால் எல்லோருக்கும் முதலிலிருந்து. கிழக்கே புனர்பூசத்து இரட்டை நட்சத்திரங்கள் ஏறி வரும், அந்தப் பக்கத்திலிருந்து கிளம்புவதுபோல இருக்கும், ஆனால் வானத்தில் எங்கு வேண்டுமானாலும் விழும். முதலாவதைப் பார்த்தவன் கத்துவான், மற்றவர்கள் திரும்புவதற்குள் போய்விடும், 'எங்கடா, எங்கடா' என்று அடுத்த அரைமணி நேரம் சண்டை நடக்கும். அப்படித்தான் நடக்க வேண்டும்.

என் அறைத்தோழிக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்துவிட்டது. நூறு ரூபாய்க்குள் என்ன வாங்கிக் கொடுக்கலாம்?
– கல்லூரி மாணவி, திருச்சி

தபால் அலுவலகம் போய் அஞ்சலட்டை இருபது வாங்குங்கள், ஒன்று 50 காசு, மொத்தம் 10 ரூபாய். எல்லாவற்றிலும் பெறுநர் இடத்தில் உங்கள் வீட்டு முகவரியை நீங்களே எழுதிவிடுங்கள். ஹாஸ்டல் முகவரி வேண்டாம், அது மாறிவிடும். மேலே ரப்பர் பேண்ட் போட்டு அவள் பெட்டியில் வைத்துவிடுங்கள். புது ஊரில் முகவரி தேட, கார்டு வாங்க அவளுக்கு நேரம் இருக்காது, இரண்டு வரி கிறுக்கிச் சிவப்புப் பெட்டியில் போட நேரம் இருக்கும். மிச்சத் தொண்ணூறு ரூபாய்க்குக் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுங்கள், ரயிலில் சாப்பிடட்டும். முகவரியைப் பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள், மை பேனா மழையில் கரையும். பின்கோடு ஆறு இலக்கத்தையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.